கை விட்டாலும் இறங்காத பாரம்

யுத்த காலத்தில் கனமூலைப் பக்கம் எங்களுக்கு ஒரு மிளகாய்த் தோட்டம் இருந்தது. தண்ணீர் இறைக்கும் டீசல் இஞ்சினைக் கிணற்றுக்குள்ளேயே பலகை அடித்து வைத்திருந்தோம். பலகை உக்கி முறிந்து, இஞ்சின் தண்ணீருக்குள் போய்விட்டது.

அதைத் தூக்க முந்தல் ஊரில் ஒரு கராஜ்காரரிடம் செயின் புளொக் இரவல் வாங்கினோம். மூன்று இரும்புக் குழாய்களைக் கிணற்றுக்கு மேலே முக்காலிபோல நிறுத்தி, உச்சியில் அதைக் கொளுவ வேண்டும். சங்கிலியை இழுக்க இழுக்கப் பாரம் மேலே வரும்.

"கைய உட்டாலும் பாரம் கீழ வராது. அது தானாப் புடிச்சிக்கொள்ளும்" என்று அவர் சொல்லித்தான் தந்தார். யார் நம்பினது? கரைவலை இழுத்துப் பழகிய கைகள் எங்களுடையவை. இழுத்ததை விட்டால் எல்லாம் போச்சு என்பதுதான் எங்களுக்குத் தெரிந்தது.

நான் கிணற்றில் இறங்கி இஞ்சினுக்குக் கொக்கி மாட்டினேன். மேலே, நானா என்று நான் கூப்பிடும் என் அண்ணனும் மச்சானும். ஒருவர் இழுக்க, மற்றவர் இழுத்த சங்கிலியை விடாமல் இறுக்கிப் பிடித்துக்கொண்டார். பார்க்கச் சிரிப்பாகத்தான் இருந்தது. இஞ்சின் என் தலைக்கு மேலே வந்தபோது சிரிப்பு நின்றுவிட்டது. ஒடுங்கிய கிணறு, ஒதுங்க இடமில்லை.

அந்த நேரம் பார்த்து ரவுண்டப் வந்தது, ஆமியின் சுற்றிவளைப்பு.

"அத் உஸ்ஸபன்!" கையைத் தூக்கச் சொல்லி ஆமிக்காரன் கத்துவது உள்ளே கேட்டது. இருவரும் சங்கிலியை விடவில்லை. சிங்களத்தில் வெளுத்துக்கட்டும் என் மச்சானுக்கு அன்று சிங்களமும் வரவில்லை, தமிழும் வரவில்லை. விடாதே என்று கத்துவதா, விட்டுவிடு என்று கத்துவதா என்று எனக்கும் புரியவில்லை. விடாவிட்டால் அவர்களைச் சுடுவான். விட்டால் என் கதை முடிந்தது.

துவக்கை இழுத்துத் தயார்செய்யும் சத்தம் கேட்டது. அண்ணாந்து பார்த்தேன். நான்கு கைகளும் மேலே போயின.

இஞ்சின் அசையவில்லை. தொங்கிய இடத்திலேயே தொங்கியது. ஆமிக்காரன் எட்டிப் பார்த்து, உள்ளே ஓர் ஆளைக் கண்டு பேந்தப் பேந்த விழித்தான். பிறகு அவனே கையைக் காட்டி, இழுக்கச் சொன்னான்.

வெளியே வந்ததும் நானாவைக் கேட்டேன்: "கராஜ்காரர் சொன்னத நம்பித்தானே நானா கைய உட்டீங்க?"

நானா என் முகத்தைப் பார்க்கவில்லை. "ஒனக்குக் கலிமா சொல்லிட்டுத்தான்டா தம்பி உட்டேன்."

சாகிறவரின் காதருகே சொல்வதை, என் தலைக்கு மேலே நின்று சொல்லியிருக்கிறார். அவரைக் கட்டிப்பிடிப்பதா, கன்னத்தில் அறைவதா என்று எனக்கு இன்றுவரை விளங்கவில்லை.