பாஸ் ஆன காரைப் பெயிலாக்கியவன்

புகைப் பரிசோதனை என்ற பெயரில் நடக்கிற மோசடியை நினைத்தால் எனக்கு இன்றும் கோபம் வருகிறது. பெட்ரோல் பங்க் ஓரத்தில் ஒரு வேன் நிற்கும். அதற்குள் ஒரு கம்ப்யூட்டர், ஒரு கேமரா, ரப்பர் குழாய் மாட்டிய ஒரு மெஷின். நம்பர் பிளேட் தெரிகிற மாதிரி வண்டியைப் படம் பிடித்தால் போதும். குழாயைச் சைலன்சரில் சொருகினாலும் சொருகாவிட்டாலும் சர்டிபிகேட் கைக்கு வந்துவிடும். கரும்புகை கக்கிக்கொண்டு வந்த ஒரு லோடு ஆட்டோ, என் கண் முன்னால் சுத்தமான வண்டி என்று சீட்டு வாங்கிக்கொண்டு அதே கரும்புகையோடு கிளம்பிப் போனது. கேட்க ஆளில்லை.

இந்தக் கோபம் நியாயமானது என்று இப்போதும் சொல்வேன். ஆனால் இந்தக் கோபத்தைத் தூக்கிக்கொண்டு நான் செய்த காரியத்துக்கு நியாயமே கிடையாது. அதை ஒளிக்காமல் எழுத வேண்டும்.

பாளையங்கோட்டையில் ஒரு கல்லூரியில் வேதியியல் நடத்தி ஓய்வு பெற்றவன் நான். எங்கள் கார் ஹைபிரிட் வகை. பெட்ரோல் இன்ஜினும் பேட்டரி மோட்டாரும் மாறி மாறி இழுக்கும். வண்டி நின்றால் இன்ஜின் தானாக அணைந்துவிடும். மகன் பெங்களூரில் பல வருடம் ஓட்டித் தேய்த்துவிட்டு எங்களிடம் விட்டுப்போனது. கிழட்டு வண்டிதான். ஆனால் என் மனைவிக்கு ஒத்துக்கொள்கிற வண்டி அது ஒன்றுதான். டாக்சியின் டீசல் வாடை பட்டாலே அவளுக்குக் குடலைப் புரட்டும். முழங்கால் ஆபரேஷனுக்குப் பிறகு ஆட்டோவிலும் பஸ்ஸிலும் ஏற முடியாது.

வியாழக்கிழமைதோறும் அந்தக் காரில் ஸ்ரீவைகுண்டம் போவோம். அவளுடைய அக்கா அங்கே மகள் வீட்டில் பக்கவாதத்தோடு படுத்திருந்தார்கள். வாய் கோணியிருந்தது, பேச்சு இருந்தது. இன்னொரு தடவை வந்தால் பேச்சு போய்விடும், பேச வேண்டியவர்கள் இப்போதே வந்து பேசிக்கொள்ளுங்கள் என்று டாக்டர் சொல்லியிருந்தார். என் மனைவி போவது அதற்குத்தான். இருவரும் கட்டிலோரம் முகத்தோடு முகம் வைத்து என்னத்தையோ பேசிச் சிரிப்பார்கள். நான் வாசலில் பேப்பர் படித்துக்கொண்டிருப்பேன்.

அந்த வியாழக்கிழமை பழைய சர்டிபிகேட் காலாவதியாகியிருந்தது. போகிற வழியில் எடுத்துக்கொள்ளலாம் என்று வேன் பக்கத்தில் நிறுத்தினேன். மனைவி பின்சீட்டில், அக்காவுக்குக் காய்ச்சிய சவ்வரிசிக் கஞ்சியை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள்.

வேன்காரருக்கு முப்பது வயது இருக்கும். குழாயைச் சொருகிவிட்டு, "சார், இன்ஜின ஆன் பண்ணுங்க" என்றார்.

"ஆன்லதாம்பா இருக்கு."

"சத்தத்தையே காணுமே?"

"நிக்கும்போது அணஞ்சிரும். ஹைபிரிட் வண்டி."

அவர் தலையைச் சொறிந்தார். அதற்குள் திரையில் எண்கள் வந்துவிட்டன. எல்லாம் பூஜ்யம். ஓடாத இன்ஜினிலிருந்து என்ன வரும்? மெஷின் வெறும் காற்றை இழுத்துப் பார்த்துவிட்டுப் பாஸ் என்று சொல்லிவிட்டது.

"சூப்பர் வண்டி சார். இம்புட்டுச் சுத்தமா ஒரு வண்டிய நான் பாத்ததே இல்ல. பிரிண்ட் போட்டுருதேன்."

"போடாதே" என்றேன்.

செய்முறைத் தேர்வில் பியூரெட் குழாயைத் திறக்காமலே பக்கத்துப் பையனைப் பார்த்து அளவு எழுதுகிற மாணவர்களை வருடக்கணக்காகப் பிடித்து வெளியே அனுப்பியவன் நான். அந்தப் பெருமை என்னைவிட்டு இன்னும் இறங்கவில்லை.

"ஓடாத இன்ஜின்ல என்னத்தச் சோதிச்ச? ஓடவிட்டுத் தாரேன், மறுபடி எடு."

"அதான் பாஸ் ஆயிட்டே சார்."

"காத்து பாஸ் ஆயிருக்கு. வண்டி ஆகல."

எங்களுக்குப் பின்னால் வாழைத்தார் ஏற்றிய மினி லாரி ஒன்று காத்திருந்தது. அதன் டிரைவர் தலையை வெளியே நீட்டி, "ஏ அண்ணாச்சி, பாஸ் ஆன வண்டியப் பெயிலாக்கச் சொல்லிச் சண்ட போடுத மனுசன இன்னைக்குத்தான் பாக்கேன்" என்றார்.

"வாத்தியாரா இருப்பாரு வே" என்றார் கூட இருந்தவர்.

இருவரும் சிரித்தார்கள். எனக்கு வீம்பு ஏற அந்தச் சிரிப்பே போதுமானதாக இருந்தது.

மனைவி கண்ணாடியை இறக்கினாள். "ஏங்க, அவுக தாரேங்காகள்ளா. வாங்கிட்டு வாங்க. அக்கா வாசலையே பாத்துக்கிட்டுக் கெடப்பா."

"நீ சும்மா இரு."

நின்ற நிலையில் இன்ஜினை ஓடவைக்க மெக்கானிக்குகள் செய்கிற ஒரு வழி உண்டு. பிரேக், கியர், ஆக்சிலேட்டர் மூன்றையும் ஒரு வரிசையில் அழுத்த வேண்டும். மகன் சொல்லித் தந்திருந்தான். முதலில் வரவில்லை. மறுபடியும் வரவில்லை. லாரிக்காரர் ஹாரன் அடித்தார். சட்டை நனைந்து முதுகோடு ஒட்டியது. கடைசியில் இன்ஜின் உறுமியபோது, ஏதோ சாதித்தவன் போல இறங்கி வந்து மெஷின் பக்கத்தில் நின்றேன். நியாயமாகவே பாஸ் ஆகும் என்று நம்பியிருந்தேன். இந்தக் காரை வைத்துக்கொண்டு தெருவில் எத்தனை பேருக்குக் காற்று மாசைப் பற்றி வகுப்பு எடுத்திருக்கிறேன்!

எண்ணெய் கருகுகிற வாடை வந்தது. எண்கள் ஏறின. ஏறிக்கொண்டே போய்ச் சிவப்பில் நின்றன.

லாரிப் பக்கம் யாரும் சிரிக்கவில்லை. அது இன்னும் மோசமாக இருந்தது.

வேன்காரர் குரலைத் தாழ்த்தினார். "சார், அம்மா பாவம், எங்கயோ கெளம்பி இருக்காங்க. இன்ஜின அணைங்க. முன்ன வந்த மாதிரியே எடுத்துக் கமுக்கமாப் போட்டுத் தந்துருதேன். யாருக்குத் தெரியப் போகுது?"

"எனக்குத் தெரியும். அப்படிப் போட்டா உன் மேல மேலிடத்துக்கு எழுதுவேன்."

அவர் முகம் மாறிவிட்டது. குழாயை உருவிச் சுற்றினார். "அப்ப ஒங்க சோலியே வேண்டாம் சார். வண்டிய எடுங்க."

காரை வீட்டுப் பக்கம் திருப்பினேன். சர்டிபிகேட் இல்லாத வண்டியை ரோட்டில் ஓட்டமாட்டேன் என்றேன்.

"வீட்டுக்கு மட்டும் ஓடுமாக்கும்?" என்றாள் பின்சீட்டிலிருந்து.

வண்டியை வீட்டு வாசலில் கொண்டுபோய் நிறுத்தினேன். அவள் கொண்டுவந்த கஞ்சி சமையலறையில் ஆறிப்போய்க் கிடந்தது.

காரை ஒர்க் ஷாப்பில் விட்டேன். இன்ஜினுக்கு ஒரு பாகம் வெளியூரிலிருந்து வரவேண்டும் என்றார்கள். இன்று வரும், நாளை வரும் என்றார்கள். நான் தினமும் போய்ச் சத்தம் போட்டேன். மானேஜர் என்னைக் கண்டதும் கதவைச் சாத்தத் தொடங்கினார். வீட்டில் அவள், "ஒரு டாக்சி சொல்லுங்க. வாந்தி எடுத்தாலும் பரவால்ல, எடுத்துக்கிட்டே போறேன்" என்றாள்.

"எதுக்கு அந்த அவஸ்தை? நாளைக்கு நம்ம வண்டி வந்துரும்" என்றேன்.

அவள் வயிற்றுக்காகப் பார்க்கிறவன் மாதிரி சொன்னேன். பொய். அவள் டாக்சியில் போய்விட்டால், வேன் முன்னால் நான் போட்ட சண்டைக்கு அர்த்தம் இல்லாமல் போய்விடும். நான் பிடித்த பிடியின் விலையை ஒரு வாடகைக் கார் காட்டிக்கொடுத்துவிடும். எனக்கு என் கார் நேர்வழியில் பாஸ் ஆக வேண்டும். அதில்தான் அவள் போக வேண்டும். மெஷின் சொன்ன ஒரு பொய்யைப் பொறுக்காதவன், அந்த நாட்கள் முழுக்க இந்தப் பொய்யை அவளிடம் சொல்லிக்கொண்டிருந்தேன்.

சாயங்காலம் அக்கா போனில் வருவார்கள். மகள் போனைக் காதில் பிடித்துக்கொள்வாள். இங்கே ஸ்பீக்கரில் கேட்கும்.

"எப்பட்டி வாரே?"

"நாளைக்கு வாரேன்க்கா. வண்டி ரிப்பேரு."

"ஒம் மாப்பிள்ளயத் தள்ளிக்கிட்டாவது வரச் சொல்லுட்டி."

இருவரும் சிரிப்பார்கள். ஒவ்வொரு சாயங்காலமும் அந்தக் குரல் குழைந்துகொண்டே வந்தது. சில சொற்களை என் மனைவி திருப்பிக் கேட்க வேண்டியிருந்தது. பக்கத்து நாற்காலியில் உட்கார்ந்து நானும் கேட்டேன். டாக்டர் சொன்னது எனக்கும் தெரியும். பேப்பரைப் புரட்டினேன்.

அடுத்த வியாழக்கிழமையும் போனது. அதற்குப் பிறகு ஒரு காலையில் அக்கா மகள் அழைத்து, அம்மாவுக்கு மறுபடியும் வந்துவிட்டது என்றாள். என் மனைவி போனை வைத்தாள். சேலை மாற்றினாள். பக்கத்து வீட்டம்மாவிடம் சொல்லி டாக்சி வரவழைத்தாள். என்னைக் கூப்பிடவில்லை. நானாக முன்சீட்டில் ஏறிக்கொண்டேன். கருங்குளம் வருவதற்குள் வண்டியை நிறுத்தச் சொல்லி, ரோட்டோரம் குனிந்து வாந்தி எடுத்தாள். தண்ணீர் பாட்டிலை நீட்டினேன். என் முகத்தைப் பார்க்காமல் வாங்கிக்கொண்டாள்.

அக்காவின் மூக்கில் குழாய் போட்டிருந்தது. கண் திறந்திருந்தது. "அக்கா, வந்துட்டேன்" என்று இவள் கையைப் பிடித்ததும் உதடு அசைந்தது. சத்தம் வரவில்லை. மறுபடி அசைந்தது. இவள் காதை வாயோடு ஒட்டி வைத்துக் காத்திருந்தாள்.

அக்கா மகள் என் பக்கம் திரும்பினாள். "முந்தாநா வரைக்கும் அம்மா சித்தியத்தான் கேட்டுக்கிட்டே இருந்தா. ஒரு வார்த்த சொல்லியிருந்தா இங்கேருந்து வண்டி அனுப்பிருப்பேனே சித்தப்பா. காருக்கு அப்பிடி என்னதான்?"

நான் விளக்க ஆரம்பித்தேன். நிற்கும்போது இன்ஜின் அணைந்துவிடும், அதனால் அளவு பூஜ்யம் காட்டும், ஆனால் அது உண்மையான அளவு ஆகாது என்று. அவள் குழாயில் ஊற்ற வேண்டிய பால் டம்ளரைக் கையில் வைத்துக்கொண்டு நின்றாள். பாதி வாக்கியத்தில் என் குரல் எனக்கே கேட்டது. வகுப்பறைக் குரல். நிறுத்திக்கொண்டேன்.

பாகம் வந்து, கார் சரியாகி, இன்ஜின் ஓடும்போதே பாஸ் ஆனது. வேறு வேன், வேறு ஆள். அந்தச் சீட்டில் இருக்கிற எண்கள் எல்லாம் உண்மை. யாரும் கேட்கவில்லை. அந்த லோடு ஆட்டோ இன்னும் எங்கள் தெருவழியாகக் கரும்புகையோடு போகிறது. அதைப் பார்த்தால் பற்றிக்கொண்டு வருகிறது. ஆனால் அந்த டிரைவர், தன் மனைவியை அவள் அக்காவிடம் கொண்டுபோய் விட்டிருப்பார் என்ற நினைப்பு அடுத்த நொடியே வந்துவிடுகிறது.

ஞாயிற்றுக்கிழமை சர்ச் ஆராதனையில் சபையார் எல்லாரோடும் சேர்ந்து பாவ அறிக்கை சொல்கிறேன். எல்லாரும் ஒரே குரலில் சொல்வதால் யார் என்ன செய்தார்கள் என்று வெளியே தெரியாது. எனக்கு அது போதவில்லை. ஒரு வியாழக்கிழமை ஸ்ரீவைகுண்டத்திலிருந்து திரும்பி வரும்போது மனைவியிடம் சொன்னேன்: "தப்பு என் மேலதான்."

"எங்கிட்ட எதுக்குச் சொல்லுதீங்க? எனக்கு அன்னைக்கே தெரியும்" என்றாள். "அவகிட்டப் போய்ச் சொல்லுங்க. பேச்சுதான் போச்சு. காது நல்லாக் கேக்கு."

போன வாரம் சொன்னேன். கட்டில் பக்கத்தில் ஸ்டூலை இழுத்துப் போட்டுக்கொண்டு, "மதினி" என்று ஆரம்பித்தேன். வேனையும் மெஷினையும் பற்றி ஒன்றும் சொல்லவில்லை. "டாக்சியில போறேன்னு அவ கேட்டா. நான்தான் தடுத்தேன். நான் சொன்னதுதான் நடக்கணும்னு இருந்துட்டேன்" என்றேன்.

அவர்கள் கண்ணைத் திருப்பவில்லை. நான் முடிக்கும்வரை என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார்கள். மன்னிப்பா, வெறுப்பா, எனக்குத் தெரியவில்லை. பேச்சு இருந்திருந்தால் ஒரு கேலியாவது வந்திருக்கும், இல்லை நல்ல ஏச்சாக நாலு வார்த்தை கிடைத்திருக்கும். பதில் வராது என்று தெரிந்த பிறகுதான் நான் அவர்களிடம் போய்ச் சொன்னேன். அதையும் எழுதிவிடுகிறேன்.