செண்பகத்தோப்பில் இறகு காயாத கல் ஈ

பகல் பன்னிரண்டு மணிக்குச் சிவகாசியிலிருந்து கிளம்பினோம். செண்பகத்தோப்பு ஓடைக்கு ஏறத்தாழ முப்பது கிலோமீட்டர். போக, வர, காத்திருக்க என்று ஆட்டோவுக்கு ஆயிரத்து இருநூறு ரூபாய் பேச்சு. ஓட்டுநர் கருப்பசாமி விஸ்வநத்தத்துக்காரர், என் வயதுதான். பதினைந்து வருடம் பட்டாசுக் கம்பெனியில் மருந்து செலுத்தும் அறையில் இருந்துவிட்டு ஆட்டோவுக்கு வந்தவர்.

"எதைத் தேடிப் போறீக அண்ணாச்சி?"

"கல் ஈ."

"ஈக்கு இம்புட்டுத் தூரமா? மிட்டாய்க் கடைப் பக்கம் வண்டியத் திருப்பட்டா?"

இது வேறு ஈ. சுத்தமான ஓடுதண்ணீரில், கல்லுக்கு அடியில் வளரும்; வால் இரண்டு. நானாகப் படித்து, தேனிப் பக்கத்து ஓடைகளில் சிலவற்றைப் பதிவு செய்திருக்கிறேன். விருதுநகர் மாவட்டத்து மலைக்கு இப்போதுதான் வருகிறேன். இளம்பருவத்தை வைத்து என்ன இனம் என்று சொல்ல முடியாது. இறகு முளைத்த ஆண் ஒன்றாவது வேண்டும்.

மணி இரண்டு. அனுமதிச் சீட்டைக் காட்டிவிட்டு ஓடையில் இறங்கினோம். பை, வலை, தட்டு என்று நான் வைத்ததையெல்லாம் கருப்பசாமி எடுத்துக் கரையில் கொண்டுபோய் வைத்தார். எனக்கும் கரைக்கும் நடுவில் செருப்பைக்கூட விட்டுவைக்கவில்லை.

"கம்பெனியில வாசலை மறிச்சு எதையும் வைக்க மாட்டோம். ஓடுறதுக்கு வழி விட்டுட்டுத்தான் உக்காருவோம்."

"அரண்டவன் கண்ணுக்கு இருண்டதெல்லாம் பேய்" என்று சீண்டினேன்.

"எங்க பேயி பட்டப்பகல்லதான் வரும் அண்ணாச்சி."

சிரித்துக்கொண்டே அதையும் நோட்டில் குறித்துக்கொண்டேன்.

மணி நாலு. நடு ஓடைப் பாறையில் ஒரு கல் ஈ சட்டையை உரித்து வெளியே வந்துகொண்டிருந்தது. ஆண். உடல் வெளுத்து, இறகு ஈரமாக இருந்தது. உடனே ஸ்பிரிட்டில் போட்டால் சுருங்கி அடையாளம் கெட்டுவிடும். ஒரு மணி நேரமாவது இறுக விட வேண்டும். பக்கத்திலேயே உட்கார்ந்தேன். எங்கள் தலைக்கு மேல் வெயில்தான். மலையின் உச்சியில் மட்டும் மேகம் கறுத்திருந்தது.

நாலே முக்காலுக்குச் சருகுகள் கொத்துக் கொத்தாக மிதந்து வந்தன. கருப்பசாமி எழுந்து நின்றார். பார்த்துக்கொண்டிருக்கும்போதே தண்ணீர் டீ நிறத்துக்கு மாறியது.

"எந்திரிங்க."

"பத்து நிமிஷம்."

"சத்தங் கேட்ட பெறகு ஓடிப் பொழச்சவுகன்னு எங்க ஊர்ல ஒருத்தரும் கெடயாது" என்றபடியே என் கையைப் பிடித்து இழுத்தார்.

கால் தடுக்க வழியில் ஒன்றுமில்லை. கரையேறித் திரும்பிய பிறகுதான் சத்தம் வந்தது. பாறை இருந்த இடத்தில் கிளைகளைப் புரட்டிக்கொண்டு செந்தண்ணீர் போனது.

பதிவுத்தாளில் இடம், நேரம், ஆண் ஒன்று என்று எழுதினேன். இனம் என்ற கட்டம் காலியாகவே இருக்கிறது. வேறு ஓடையில் இப்படிக் கைநழுவியிருந்தால் ஒரு வாரம் தூங்கியிருக்க மாட்டேன்.

திரும்பும்போது, மல்லி ஊரைத் தாண்டியதும் பெரிய சத்தம் ஒன்று கேட்டது. கருப்பசாமி வண்டியை ஓரங்கட்டினார். எங்கள் ஊரில் இடி இடித்தால் வானத்தைப் பார்ப்போம். அவர் கிழக்கே, தரையை ஒட்டி, புகை எழும்புகிறதா என்று பார்த்தார்.

"வீட்டுக்காரி இன்னும் கம்பெனி வேலையிலதான் இருக்கா. தீபாவளி ஆர்டரு."

இரண்டாவது சத்தம் நீளமாக உருண்டு அடங்கியது.

"இடிதான்" என்று வண்டியைக் கிளப்பினார்.

ஊர் வரும்வரை நான் கிழக்கிலிருந்து கண்ணை எடுக்கவில்லை.