தோல் வாரில் கட்டிய படகு

ஆம்பூரில் தோல் தொழிற்சாலையில் வேலை செய்கிறேன். பழைய ஃபைபர் மோட்டார் படகு ஒன்றை வாங்கி, நானும் நண்பர் ரஹீமும் விரிசல் அடைத்து, அதன் டிரெய்லரையும் சரிசெய்தோம். ஏலகிரி ஏரியில் விட்டுப் பார்க்க, ஜீப்பில் இழுத்துக்கொண்டு கிளம்பினோம்; என் மனைவியும் மகளும் ஸ்கூட்டரில் பின்னால் வந்தார்கள்.

"நைலான் கயிறு இன்னாத்துக்கு? நம்ம தோல் வாரே ஜாஸ்தி கெட்டி," என்றார் ரஹீம். அதிலேயே படகைக் கட்டினோம்.

மலைப்பாதையில் மழை பிடித்தது. நனைந்த வார் நீண்டு தளர்ந்தது. ஒரு வளைவில் படகு பின்பக்கமாகச் சரிந்து சாலையில் விழுந்தது. ஸ்கூட்டரில் பின்னாலேயே வந்த மனைவியையும் மகளையும் காணவில்லை. குனிந்து படகுக்கு அடியில் பார்த்தேன்.

கொஞ்ச நேரத்தில் இருவரும் வந்தார்கள். "ரெயின்கோட் போட நின்னோம். இன்னாங்க தேடுறீங்க?" என்றாள் மனைவி. நான் எழுந்து மகளின் ரெயின்கோட் பொத்தானைப் போட்டுவிட்டேன்.

இப்போது நைலான் கயிற்றில்தான் கட்டுகிறேன். அவர்களை எப்போதும் எனக்கு முன்னால்தான் போகச் சொல்கிறேன்.