உள்ளே இருபத்தேழு, வெளியே நாற்பத்தொன்று

மருந்துக் கிடங்கில் அவளை எல்லாரும் டிகிரி அக்கா என்றுதான் கூப்பிடுவார்கள். படித்து வாங்கிய டிகிரி இல்லை. படிப்பைப் பத்தாவதோடு நிறுத்தியவள். கிடங்கில் இருக்கும் ஆறு குளிர் அறைகளிலும் இரண்டு மணி நேரத்துக்கு ஒருமுறை வெப்பநிலையைப் பார்த்து எழுதுவது அவள் வேலை. தடுப்பூசி அறை எட்டு டிகிரியைத் தாண்டினால் போதும், மேலாளர் சாப்பிட்டுக்கொண்டிருந்தாலும் எழுப்பி அழைத்துவந்து காட்டிவிட்டுத்தான் நகர்வாள்.

அவள் கணவர் பெயிண்டர். உயரமான கட்டடங்களுக்கு வெளிப்பூச்சு அடிப்பவர். ஒருநாள் சாரத்துப் பலகை நழுவி, இரண்டு மாடி உயரத்திலிருந்து விழுந்தார். உயிர் தப்பியது. ஆனால் முதுகுத்தண்டு அடிபட்டு, மார்புக்குக் கீழே உணர்வு போய்விட்டது. மருத்துவமனையிலிருந்து கிளம்பிய அன்று டாக்டர் அவளைத் தனியே கூப்பிட்டுச் சொன்னார்.

"இவருக்கு இனிமே மார்புக்குக் கீழ வேர்க்காதும்மா. வேர்த்தாத்தான் உடம்பு தன்னைத்தானே ஆத்திக்கும். இவர் உடம்பால அது முடியாது. ரூம் சூடானா இவரும் சூடாயிடுவார். வெயில் காலத்துல ரொம்ப ஜாக்கிரதை."

சக்கர நாற்காலிக்கு லிஃப்ட் வேண்டும் என்பதற்காகவே ஒரு மூன்றாம் மாடி வீட்டைப் பிடித்தார்கள். ஓர் அறை, ஒரு சமையலறை. தலைக்கு மேலே நேராக மொட்டை மாடி. வெயில் காலம் தொடங்கியதும் அந்த அறை அடுப்பு மாதிரி ஆனது. அவளுடைய அண்ணன் எங்கெங்கோ அலைந்து, யாரோ வீடு மாற்றும்போது விற்ற பழைய ஏசி ஒன்றை வாங்கிவந்து மாட்டிக் கொடுத்தார். "பதினெட்டுல வச்சிடு, சீக்கிரம் குளிர்ந்துடும்" என்றும் சொல்லிவிட்டுப் போனார்.

முதல் மின்கட்டணம் வந்தபோது அவளுக்குத் தலை சுற்றியது. சம்பளத்தில் மூன்றில் ஒரு பங்கு அதற்கே போனது. கணவர் ரசீதை வாங்கிப் பார்த்தார். மடித்துத் தலையணைக்கு அடியில் வைத்துக்கொண்டார்.

மறுநாளே அவள் ஒரு நோட்டுப் புத்தகம் வாங்கினாள். கிடங்கில் கழித்துப் போட்ட, நீளமான கம்பி முனையுள்ள தெர்மாமீட்டர் ஒன்றைக் கேட்டு வாங்கிவந்தாள். ஏசிக்காரரை வரவழைத்து இரண்டு கேள்வி கேட்டாள்.

"பதினெட்டுல வச்சா சீக்கிரம் குளிருமா?"

"அதெல்லாம் சும்மாக்கா. இருபத்தஞ்சுக்கு வர்றதுக்கு எடுக்குற நேரம் ஒண்ணுதான். பதினெட்டுல வச்சீங்கன்னா நிக்காம ஓடிக்கிட்டே இருக்கும், அவ்வளவுதான்."

"அப்ப எவ்வளவு கரண்டு தின்னும்னு எதை வச்சுச் சொல்றது?"

அவர் பல்லைக் காட்டினார். "அது உங்க வீட்டைப் பொறுத்ததுக்கா. எழுதிப் பாருங்க, தெரியும்."

எழுதுவதுதானே அவள் பிழைப்பு. வேலைக்குப் போகுமுன் மின்மீட்டரைக் குறித்தாள், வந்ததும் குறித்தாள். சமையலறை ஜன்னலுக்கு வெளியே நிழலில் எத்தனை டிகிரி, அறைக்குள் எத்தனை டிகிரி என்று எழுதினாள். இரண்டு வாரத்தில் ஒன்று புலப்பட்டது. ஏசியை இருபத்துமூன்றிலேயே வைத்திருந்தும், வெளியே முப்பத்துமூன்றாக இருந்த மேகமூட்டமான நாளில் ஐந்து யூனிட்தான் ஓடியது. வெளியே நாற்பத்தொன்றாக இருந்த நாளில் பதினொன்று. வெளியே உள்ள சூட்டுக்கும் உள்ளே கேட்கும் குளிருக்கும் நடுவே எவ்வளவு இடைவெளியோ, கட்டணம் அதன் பின்னாலேயே போனது.

அப்புறம் ஒருநாள் கணக்கு உதைத்தது. வெளியே நாற்பது, மீட்டரில் வெறும் நான்கு யூனிட். மறுநாளும் அப்படியே. அவள் நோட்டைப் பார்த்தாள், கணவரைப் பார்த்தாள். அவர் முகத்தைத் திருப்பிக்கொண்டார். மூன்றாம் நாள் அரை நாள் விடுப்புச் சொல்லிவிட்டு மதியம் ஒரு மணிக்கே வீட்டுக் கதவைத் திறந்தாள்.

அறை கொதித்தது. ஏசி அணைந்திருந்தது. கணவர் நாற்காலியில் தலை சாய்ந்து கிடந்தார். முகம் செங்கல் நிறம். கூப்பிட்டதற்குக் குழறிக்குழறிப் பதில் சொன்னார். ரிமோட் அவர் சட்டைப் பையில் இருந்தது. ஏசியைப் போட்டாள், துண்டை நனைத்துக் கழுத்திலும் அக்குளிலும் வைத்தாள், நாக்கடியில் காய்ச்சல் பார்க்கும் தெர்மாமீட்டரை வைத்துப் பார்த்தாள். முப்பத்தொன்பது புள்ளி நான்கு. டாக்டருக்குப் போன் செய்து, அவர் சொன்னபடியெல்லாம் செய்தாள். சூடு இறங்கி, பேச்சு தெளிய ஒன்றரை மணி நேரம் ஆனது. அதுவரை அவள் அழவில்லை. அதற்குப் பிறகும் அழவில்லை. கோபம்தான் வந்தது.

"எத்தனை நாளா நடக்குது இது?"

"நீ கிளம்புனதும் அணைச்சிடுவேன். வர்றதுக்கு அரை மணி முன்னாடி போட்டுடுவேன்."

"ஏங்க?"

"நீ நாள் பூரா நின்னு சம்பாதிக்குற. நான் உட்கார்ந்த இடத்துல அதைக் காத்தா விடணுமா? மனசு கேக்கலம்மா."

"தடுப்பூசி கெட்டுப் போச்சுன்னா வேற வாங்கலாம். உங்களை எங்க போய் வாங்குறது?"

அவள் நாற்காலிக்கு எதிரே தரையில் உட்கார்ந்தாள்.

"கேளுங்க. இந்த ஏசி ஓடும். அதை நீங்க தொடக்கூடாது. செலவைக் குறைக்கணும்னா அது என் வேலை. நான் குறைச்சுக் காட்டுறேன்."

அந்த ஞாயிற்றுக்கிழமை முழுக்க அவர் பக்கத்திலேயே இருந்தாள். இருபத்துமூன்றிலிருந்து ஒவ்வொரு டிகிரியாக ஏற்றினாள். ஒவ்வொரு படியிலும் ஒரு மணி நேரம் விட்டு அவர் உடல் சூட்டைப் பார்த்தாள். மின்விசிறியும் ஓட, இருபத்தேழு வரை உடம்பு முப்பத்தேழைத் தாண்டவில்லை. இருபத்தெட்டில் கொஞ்சம் ஏறியது. "போதும், பின்னாடி வா" என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டு இருபத்தேழில் நிறுத்தினாள். டாக்டரிடமும் கேட்டு உறுதி செய்துகொண்டாள். நாற்பத்தொரு டிகிரி நாளில் பதினொன்றாக இருந்தது எட்டானது.

எட்டும் அவளுக்கு அதிகமாகவே பட்டது. ஒருநாள் மாலை நான்கு மணிக்கு ஸ்டூல் மேல் ஏறி, கம்பி முனையைக் கூரையின் அடிப்பக்கம் ஒட்டிப் பார்த்தாள். நாற்பத்தாறு. வெளியே நிழலில் முப்பத்தொன்பதுதான்.

"இங்க பாருங்க, வெளிய இருக்கறதைவிட நம்ம தலைக்கு மேல சூடு அதிகம். ஏசி வெளிக் காத்தோட மட்டும் மல்லுக்கட்டல, இந்தக் கூரையோடயும் மல்லுக்கட்டுது."

கணவர் அண்ணாந்து பார்த்தார். "வெள்ளை அடிச்சா இறங்கும். வெயிலைத் திருப்பி அடிக்கிற பூச்சு இருக்கு. நான் எத்தனை மாடிக்கு அடிச்சிருக்கேன். அடிச்சுக் காஞ்ச இடத்துல வெறுங்காலோட நின்னா சுடவே சுடாது."

கீழ்வீட்டில் குடியிருந்த வீட்டுக்காரர் ஓய்வு பெற்ற தபால்காரர். விஷயத்தைக் கேட்டதும் கையை உதறினார். "மாடில யாரும் கை வைக்கக்கூடாதும்மா. ஒருதடவை தண்ணித்தொட்டி வைக்கப்போய் ஒழுகி, நான் பட்டபாடு எனக்குத்தான் தெரியும்."

அவள் அடுத்த வாரமும் போனாள். அதற்கடுத்த வாரமும் போனாள்.

"ரெண்டடிக்கு ரெண்டடி மட்டும் விடுங்க சார். பிடிக்கலன்னா நானே சுரண்டி எடுத்துடறேன்."

தொல்லை விட்டால் போதுமென்று அவர் தலையாட்டினார். ஒரு பலகை அளவுக்குத்தான் அவள் அடித்தாள். காய்ந்த மறுநாள் மதியம் மூன்று மணிக்கு அவரை மாடிக்குக் கூட்டிப்போனாள்.

"செருப்பைக் கழட்டுங்க சார்."

"என்னம்மா விளையாடுறியா?"

"ஒரு காலை வெள்ளைல வைங்க. இன்னொண்ணை வெளிய வைங்க."

வெளியே வைத்த கால் வைத்த வேகத்தில் திரும்பி வந்தது. ஐந்து நொடி அவர் வெள்ளைச் சதுரத்தில் ஒற்றைக் காலில் நின்றார். பிறகு இரண்டு காலையும் அதிலேயே வைத்துக்கொண்டு, செருப்பு எட்டாத தூரத்தில் கிடப்பதைப் பார்த்தார். "எடுத்துக் குடும்மா" என்றவருக்குச் சிரிப்பு வந்துவிட்டது. "அடிச்சுக்கோ. ஒழுகுச்சுன்னா நீதான் பொறுப்பு."

கணவரோடு முன்பு வேலை செய்த இரண்டு பெயிண்டர்கள் விடுமுறை நாளில் வந்தார்கள். கூலி வாங்க மறுத்தார்கள். கணவர் கீழே அறையில் இருந்தபடியே வீடியோ காலில் மாடியைப் பார்த்தார். முதலில் மெதுவாகத்தான் பேசினார். அரை மணியில் குரல் ஓங்கியது.

"டேய், அந்த விரிசலை அடைக்காம மேல அடிக்காதே! மூலைல தேங்குது பாரு. முதல் பூச்சை நீளவாக்குல அடிச்சல்ல, ரெண்டாவதைக் குறுக்க இழு!"

சமையலறையில் நின்றிருந்த அவள் கரண்டியைக் கீழே வைத்துவிட்டுக் கேட்டாள். விழுந்த நாளுக்குப் பிறகு அவர் யாரையும் இப்படி அதட்டி அவள் கேட்டதில்லை. எட்டிப் பார்க்காமல், கதவோரமாகவே நின்று முழுதையும் கேட்டாள்.

பூச்சு காய்ந்தபின் கூரையின் அடிப்பக்கம் முப்பத்தேழுக்கு இறங்கியது. அடுத்து வந்த நாற்பத்தொரு டிகிரி நாளில் மீட்டர் ஆறு யூனிட் காட்டியது. அவள் நோட்டைக் கணவர் மடியில் வைத்தாள். அவர் எண்ணை விரலால் தொட்டுப் பார்த்தார். தலையணைக்கு அடியில் இருந்த ரசீதை எடுத்துக் கிழித்துப் போட்டார்.

மழைக்கு ஒழுகவில்லை. வீட்டுக்காரர் தன் மைத்துனருடைய கட்டடத்துக்கும் அடிக்கச் சொல்லிக் கேட்டார். எவ்வளவு பூச்சு வேண்டும், எத்தனை ஆள் வேண்டும் என்று கணவர் போனிலேயே கணக்குப் போட்டுச் சொன்னார். அந்த இருவரும் போய் அடித்தார்கள். விழுந்த பிறகு அவருக்கு வந்த முதல் சம்பாத்தியம் அது. மாதத்துக்கு ஒன்றோ இரண்டோ அப்படி வந்துகொண்டிருந்தது. சில மாதம் ஒன்றும் வரவில்லை.

அடுத்த வருட வெயில் இன்னும் மோசமாக இருந்தது. நாற்பத்துமூன்று வரை போனது. யூனிட் மறுபடி எட்டைத் தொட்டது. கணவர் கவலையோடு பார்த்தார். அவள் இருபத்தேழை மாற்றவில்லை. கம்பி முனையை எடுத்துக்கொண்டு அறையின் நான்கு சுவர்களையும் ஒவ்வொன்றாகத் தொட்டுப் பார்த்தாள். மேற்குச் சுவரில் நாற்பத்திரண்டு.

"இதுதான்" என்றாள். துப்பட்டாவை இழுத்துச் சரிசெய்துகொண்டு, நோட்டைக் கையில் எடுத்து, வீட்டுக்காரரைப் பார்க்க லிஃப்டை நோக்கி நடந்தாள்.