திரும்பி வந்த விமானம்

எழுபதுகளின் கடைசியில், மலாய் நாட்டு மலையூரான தானா ராத்தாவுக்குப் பக்கத்துத் தேயிலைத் தோட்டத்து ஆலை ஒன்றில் வேலை பார்த்துக்கொண்டிருந்தேன். எந்த இடத்திலும் ஒரு வருஷம் நிலைக்காதவன் நான். என் தங்கையின் கணவருக்குக் குடியுரிமை இல்லை, சிவப்பு அடையாள அட்டைதான் இருந்தது. வேலை பெர்மிட் கிடைக்காமல் குடும்பத்தோடு முசிறிப் பக்கம் போய்விட்டார். ஒருநாள் அங்கிருந்து தந்தி வந்தது. தங்கை பிழைப்பது கஷ்டம், உடனே வரவும்.

மறுநாளே சுபாங் விமான நிலையத்தில் மெட்ராஸ் விமானம் ஏறினேன். வாழ்க்கையில் முதல் விமானம். பக்கத்து இருக்கையில் தானா ராத்தாவில் சாப்பாட்டுக் கடை வைத்திருந்த பாய் ஒருவர்.

அரைமணி நேரம் பறந்திருப்போம். தேயிலை உலர்த்தும் பெரிய காற்றாடிகளுக்குப் பக்கத்தில் நின்று பழகிய காது எனக்கு. வலது பக்கம் ஒரு கரகரப்பு கேட்டது.

"பாய், இன்ஜின் சத்தம் மாறிப்போச்சு."

"இது ஒங்க டீ பேக்டரி இல்லலா தம்பி, பிளேன். வெள்ளைக்காரன் செஞ்ச மிசினுக்கு நீ வைத்தியம் பாக்காத" என்று சிரித்தார்.

அவர் சிரித்து முடிப்பதற்குள் விமானம் உதறியது. சத்தம் பாதியானது. ஒரு இன்ஜினை நிறுத்திவிட்டதாகவும் சுபாங்குக்கே திரும்புவதாகவும் விமானி மலாயில் அறிவித்தார். பாய் கண்ணை மூடி ஓதத் தொடங்கினார்.

எனக்குப் பயம் வரவில்லை, கோபம்தான் வந்தது. ஆலையில் ஒரு மிஷின் நின்றால் இன்னொன்றை வைத்துக் கொழுந்தை முடிப்போம். எழுந்து நின்று, மிச்ச இன்ஜினை வைத்துக்கொண்டு போகச் சொல் என்று பணிப்பெண்ணிடம் கத்தினேன். விமானியைக் கோழை என்றேன். அவள் என்னை உட்காரவைத்து இடுப்புப் பட்டையை மாட்டினாள்.

"என் தங்கச்சி செத்துருவாம்மா" என்று தமிழிலேயே சொன்னேன். அவளுக்குப் புரிந்திருக்காது.

பத்திரமாக இறங்கினோம். மறுநாள் வேறு விமானத்தில் அனுப்பினார்கள். நான் போய்ச் சேர்ந்தபோது, தங்கையை முந்தின நாள் சாயங்காலமே எடுத்துவிட்டிருந்தார்கள்.

விமானி மட்டும் தைரியசாலியாக இருந்திருந்தால் அவள் முகத்தைப் பார்த்திருப்பேன் என்று தங்கையின் கணவரிடம் புலம்பினேன். அவர் முழுதும் கேட்டார்.

"பிளேன் ஒரு நாள்தானே மச்சான் நிறுத்துச்சு? அவ மொதக் கடுதாசி போட்டு மூணு மாசமாச்சு. தெனமும் தபால்காரன் வர்ற நேரத்துக்கு எந்திரிச்சு உக்காந்துக்குவா."

கோபமாகக்கூடச் சொல்லவில்லை. உடம்பு முடியவில்லை, வந்து பார் என்று அவள் எழுதிய முதல் கடிதம், ஆலைக்கு வருமுன் திரிங்காப் என்ற ஊரில் காய்கறி லாரிக்கு மூட்டை தூக்கிக்கொண்டிருந்தபோது கிடைத்தது. அடுத்த இரண்டும் ஆலைக்கு வந்தன. மழை விடட்டும், அடுத்த மாதம் போகலாம் என்று மடித்துச் சட்டைப் பையில் வைத்தேன்.

தங்கச்சி சாவுக்கு ஏன் போய்ச் சேர முடியவில்லை என்று கேட்டவர்களிடமெல்லாம் விமானம் கெட்டுப்போன கதையையே சொல்லி வந்திருக்கிறேன். அந்த மூன்று மாதம் என்னை எந்த இன்ஜினும் நிறுத்தவில்லை என்பதை இப்போதுதான் முதல்முறையாகச் சொல்கிறேன்.