வேட்டுப் போடாத சாயங்காலம்

எழுத்துக்கும் எனக்கும் தூரம். பள்ளிக்கூடத்தில் கட்டுரை எழுதச் சொன்னாலே உள்ளங்கை வியர்க்கும். நாலு பேர் படிக்கிற இடத்தில் எழுதத் துணிந்ததைப் பொறுத்துக்கொள்ள வேண்டும். அத்தை எடுத்த ஒரு படத்தைப் பற்றிச் சொல்ல வேறு ஆள் இல்லை, அதனால்தான்.

அத்தை, அப்பாவின் தங்கை. அருப்புக்கோட்டையில் ஒரு ஸ்டுடியோவில் படங்களை வெட்டி ஒட்டுவதும், முகத்தில் விழுந்த புள்ளிகளைத் தூரிகையால் மறைப்பதும் அவள் வேலை. கேமராவைத் துடைக்கலாம், படம் எடுக்கக் கூடாது. கல்யாணங்களுக்குப் படமெடுக்கத் தன்னையும் அனுப்பச் சொல்லிக் கேட்டுக்கொண்டே இருந்தாள். முதலாளி ஒருநாள் சலித்துப்போய், "பொழுது அடையிற நேரத்துல, பிளாஷ் இல்லாம, தண்ணியும் பறவையுமா ஒரு படம் எடுத்துட்டு வா, அப்புறம் பாப்போம்" என்றார். நடக்காது என்று நினைத்துச் சொன்னதுதான். ஒரு கல்யாணத்துக்குப் போட்ட பிலிம் ரோலில் கடைசியாக ஒரே ஒரு படத்துக்கு இடம் மிஞ்சியிருந்தது. அதோடு கேமராவைக் கொடுத்தனுப்பினார்.

பரளச்சிப் பக்கம் எங்கள் ஊர்க் கண்மாய் அப்போது வற்றி, நடுவில் மட்டும் தண்ணீர் கிடந்தது. மீனெல்லாம் அங்கே ஒதுங்கியதால் நாரைகளும் அங்கேயே கூடின. விடிந்தால் ஊரே மீன்பிடிக்க இறங்கப்போகிறது. அப்புறம் பறவை ஏது? அன்றைய சாயங்காலத்தை விட்டால் அத்தைக்கு வேறு நாள் இல்லை. எந்நேரமும் அம்மாவின் முந்தானைக்குள் ஒளிகிற என்னைத் துணைக்கு இழுத்துக்கொண்டு கிளம்பினாள்.

அங்கே இடம்பிடித்துக் காவலிருக்க நாலைந்து அண்ணன்மார் ஏற்கெனவே வந்திருந்தார்கள். நாரைகளை விரட்டக் கையில் வேட்டு.

"என்ன தங்கச்சி, நாரைக்குக் கல்யாணமா? ஸ்டாண்டெல்லாம் தூக்கிட்டு வந்திருக்கீக!"

"கொஞ்ச நேரம் வேட்டுப் போடாதீகண்ணே. ஒரு படம் எடுத்துட்டுப் போயிர்றேன்."

"மீனத் திங்கிற நாரைக்குப் படம், காவக்காக்குற எங்களுக்கு இல்லையாக்கும்? எங்களையும் சேத்துப் புடிங்க. இல்லேன்னா இப்பவே ஒரு வேட்டு."

அத்தை முகம் சுளிக்கவில்லை. "வாங்கண்ணே, தண்ணி ஓரமா நில்லுங்க" என்றாள். அவர்கள் தலையைக் கோதி, துண்டை உதறித் தோளில் போட்டு வரிசையாக நின்றார்கள். ஒருவர் என்னையும் பிடித்து ஓரத்தில் நிறுத்தினார். எங்களுக்குப் பின்னால் தூரத்தில் நாரைகள். சூரியன் கருவேல மரங்களுக்குக் கீழே இறங்கிக்கொண்டிருந்தது.

கேமராவிலிருந்து தொங்கிய கம்பியின் நுனிப் பொத்தானை அத்தை கட்டைவிரலால் அழுத்தினாள். 'டக்' என்றது.

"முடிஞ்சுதா?"

"ம். நீங்க போங்கண்ணே." பொத்தானிலிருந்து கட்டைவிரலை மட்டும் எடுக்கவில்லை.

அவர்கள் கரையேறிப் பீடி பற்றவைத்தார்கள். என்னை யாரும் போகச் சொல்லவில்லை. கூச்சத்தில் எனக்கு நானாக நகரத் தெரியாது. "அப்பிடியே நில்லு பிள்ள" என்றாள் அத்தை. குஞ்சுமீன்கள் காலைக் கடித்தன. கன்னத்தில் கொசு உட்கார்ந்தது. பல்லைக் கடித்துக்கொண்டு நின்றேன். ஆளெல்லாம் போன பிறகு இவள் எதைத்தான் பிடிக்கிறாள்? நெடுநேரம் கழித்து மறுபடியும் 'டக்'.

கழுவி வந்த படத்தில் தண்ணீர் அலையே இல்லாமல் பாலாடைபோலக் கிடந்தது. பறந்து திரிந்த நாரை ஒன்றுகூட இல்லை. மீனுக்காக அசையாமல் காத்திருந்த மூன்று மட்டும் இருந்தன. ஓரத்தில் நான். அண்ணன்மார் நின்ற இடத்தில் புகைபோல ஏதோ. முதல் 'டக்'கில் கேமரா கண் திறந்தது, இரண்டாவதில்தான் மூடியது, இடையில் நகர்ந்துபோனது எதுவும் அதில் தங்காது என்பதெல்லாம் இன்றைக்குத் தெரிகிறது.

"எங்க படம் எங்க?" என்று அவர்கள் கேட்டு வந்தார்கள்.

"நீங்க அசைஞ்சிட்டீகண்ணே."

"ஏலே, நான் அப்பவே நெனச்சேன். ஒன்னால ஒரு நிமிசம் சும்மா நிக்க முடியாதே!" என்று ஒருவரையொருவர் ஏசிக்கொண்டே போனார்கள்.

முதலாளி அந்தப் படத்தை வெளிச்சத்தில் பிடித்து வெகுநேரம் பார்த்தாராம். அடுத்த முகூர்த்தத்துக்கு அத்தையை எம்.ரெட்டியபட்டிக்கு அனுப்பினார். படம் இப்படிக் கெட்டுப்போய்விட்டதே என்று இரக்கப்பட்டுத்தான் அனுப்பினார் என்று அப்போது நான் நம்பினேன். அத்தையின் மனம் நோகக் கூடாதென்று ரொம்ப நாள் அந்தப் பேச்சையே எடுக்கவில்லை.

படமெடுத்த மறுநாள் விடியற்காலையில் ஊர் மொத்தமும் கண்மாயில் இறங்கியது. மத்தியானத்துக்குள் தண்ணீர் சேறாகிவிட்டது. எங்கள் வீட்டில் கெளுத்திக் குழம்பு.