சக்கரத்துக்கு வைத்த எலுமிச்சம்பழம்

மாமா அந்தக் காரை லாரியில் போட்டுக் கொண்டுவந்து இறக்கிய அன்று அப்பா கேட்ட முதல் கேள்வி, "மாப்ள, இத எங்க பொதைக்கப் போற?" என்பதுதான்.

கேள்வியில் நியாயம் இருந்தது. திருமங்கலம் பக்கம் ஒரு அரிசி ஆலையின் கொட்டகையில் வருடக்கணக்காகக் கிடந்த பழைய அம்பாசிடர் அது. இன்ன நிறம் என்று சொல்ல முடியாது, மொத்தமும் துரு. கதவைத் திறந்தால் கதவு கையோடு வந்தது. அடித்தகடு அரித்துப்போய், உள்ளே உட்கார்ந்து குனிந்தால் எங்கள் வீட்டு மண் தெரிந்தது. பின்சீட்டு இருந்த இடத்தில் கோழி முட்டையிட்ட அடையாளம் வேறு. மாமா மட்டும் அதைச் சுற்றிச் சுற்றி வந்து, பெண் பார்க்கப் போனவர் மாதிரி வெட்கப்பட்டுச் சிரித்துக்கொண்டிருந்தார்.

மாமா என்றால் அம்மாவின் கூடப்பிறந்த தம்பி. சமயநல்லூரில் எங்கள் வீட்டிலேயே தங்கியிருந்தார். மதுரையில் ஒரு டிராவல்ஸ் முதலாளியிடம் டிரைவர் வேலை. அடுத்தவன் காரைத் துடைத்துத் துடைத்தே ரேகை அழிந்துவிட்டது என்று உள்ளங்கையைக் காட்டுவார். இந்தப் பழைய வண்டியைப் புதுசாக்கிக் கல்யாண ஊர்வலங்களுக்கு விடுவது அவருடைய திட்டம். பழைய கார் என்றால் இப்போது கல்யாண வீட்டுக்காரர்கள் அடித்துக்கொண்டு வருகிறார்கள் என்றார். முதல் கல்யாணம் அவருடையதேதான். பக்கத்து ஊரில் பெண் பேசி முடித்து, தை மாதம் என்று நாளும் குறித்தாயிற்று. சொந்தக் காரில்தான் கூட்டிக்கொண்டு வருவேன் என்று அந்தப் பெண்ணுக்கு வாக்குக் கொடுத்திருந்தார். எங்கள் வகையறாவில் அதுவரை யாரும் கார் வைத்திருந்ததில்லை. காடு கழனியில் கூலிக்குப் போன குடும்பம். கார் என்பது ஓரமாக ஒதுங்கி வழிவிட வேண்டிய ஒன்று, அவ்வளவுதான்.

எங்கள் வீடு ரோட்டைவிடப் பள்ளம். ஒவ்வொரு தடவை ரோடு போடும்போதும் ரோடு ஒரு விரற்கடை உயரும், வீடு அதே இடத்தில் நிற்கும். அப்படியே வாசல் கேட்டிலிருந்து வீட்டுச் சுவர்வரை மண்தரை சரிவாகிப் போயிருந்தது. காரை மூக்கு வீட்டைப் பார்க்க இறக்கி நிறுத்தினார்கள். மூக்குக்கு நேர் எதிரே ஏழெட்டு அடியில் சிமெண்டுத் தண்ணீர்த் தொட்டி. வண்டியில் பிரேக் சாமான் ஒன்றுகூட உருப்படியாக இல்லை. மாமா கியரைப் போட்டுவைத்து, முன்சக்கரங்கள் இரண்டுக்கும் முன்னால் சக்கரத்துக்கொரு கருங்கல்லை முட்டுக் கொடுத்திருந்தார். அந்தக் கல் எதற்கு என்று நான் கேட்டதில்லை, அவரும் சொன்னதில்லை. எனக்கு அப்போது ஒன்பது வயது. ஓடிப்பிடித்து விளையாடும்போது கால் கட்டைவிரலைப் பதம்பார்க்கிற சனியன்கள் என்பதைத் தவிர அந்தக் கற்களைப் பற்றி எனக்கு வேறெதுவும் தெரியாது.

நான்கு மாதம் வேலை நடந்தது. வண்டி ஓட்டிவிட்டு வந்த களைப்போடு மாமா உப்புத்தாளை எடுத்துக்கொண்டு உட்கார்ந்துவிடுவார். துரு பறந்து, கொடியில் காயும் துணியெல்லாம் செம்மண் பூசினாற்போல ஆகும். அம்மா திட்டுவாள். ஓட்டை விழுந்த இடங்களில் தகரம் வெட்டி வைத்து வெல்டிங், அதன்மேல் பட்டி, பட்டியைத் தேய்த்துத் தேய்த்து வழவழப்பாக்கி, அப்புறம் சாம்பல் நிறத்தில் ஒரு பூச்சு. ஏதோ பழைய வேனிலிருந்து கழற்றிய சீட்டை வெட்டிச் சுருக்கிச் சிவப்பு ரெக்சின் தைத்துப் போட்டார். வண்டிக்கு என்ன நிறம் அடிப்பது என்று வீட்டில் பெரிய பஞ்சாயத்தே நடந்தது. மேலே சந்தன நிறம், கீழே மயில் நீலம் என்று நான் சொன்னேன். என் பேச்சுத்தான் எடுபட்டது. மாமா என் பேச்சைத் தட்டியதே இல்லை. எனக்குக் காது குத்தும்போது மடியில் உட்கார வைத்துக்கொண்டு என்னைவிட அதிகம் அழுதவர் அவர் என்று அம்மா சொல்வாள்.

அந்தப் பெண்ணும் ஒரு தடவை வந்தாள். அவளுடைய அப்பாவோடு கல்யாணப் பத்திரிகையின் மாதிரியைப் பார்க்க வந்ததாகப் பேர். பெரியவர்கள் உள்ளே பேசிக்கொண்டிருக்க, அவள் நைசாக வெளியே வந்து காருக்குள் ஏறி உட்கார்ந்தாள். அப்போது சீட்டு வரவில்லை, பிளாஸ்டிக் ஸ்டூல்தான். "கண்ணாடி எறங்குமா?" என்று மட்டும் மாமாவிடம் கேட்டாள். "ஒனக்கு எம்புட்டு வேணுமோ அம்புட்டு எறக்கித் தாரேன்," என்றார் மாமா. அவள் முகத்தைத் திருப்பிக்கொண்டு சிரித்ததை நான் பார்த்தேன். எனக்கு அவளைப் பிடித்துப்போயிற்று.

இப்படியே ஆயுத பூஜை வந்தது. மாமா ஸ்பானர், சுத்தியல், ஜாக்கி எல்லாவற்றையும் மண்ணெண்ணெயில் கழுவித் துடைத்துச் சாமி படத்துக்கு முன் வரிசையாக அடுக்கினார். அன்று முழுக்க ஆயுதத்தைத் தொடக் கூடாது. அப்பாவின் ஸ்கூட்டருக்குச் சந்தனம் குங்குமம் வைத்து, மாலை போட்டு, இரண்டு சக்கரத்துக்கும் முன்னால் எலுமிச்சம்பழம் வைத்தார்கள். அப்பா ஏறி உட்கார்ந்து பழத்தை நசுக்கிக்கொண்டு ஒரு சுற்றுப் போய்வந்தார். இனி ஒரு வருடத்துக்கு வண்டிக்கு ஒன்றும் ஆகாது, எல்லாக் கண்ணேறும் பழத்தோடு போய்விடும் என்று அம்மா சொன்னாள். காருக்கு வைக்கவில்லையா என்று கேட்டேன். "ஓடாத வண்டிக்கு எதுக்குடி பழம்? அடுத்த வருசம் நாலு வைப்போம்," என்றாள்.

எனக்குப் பொறுக்கவில்லை. ஓட்டை ஸ்கூட்டருக்கு இத்தனை மரியாதை, என் மாமாவின் காருக்கு ஒன்றுமில்லையா? சாயங்காலம் எல்லாரும் பொரியும் சுண்டலுமாக டிவி முன்னால் உட்கார்ந்திருந்தபோது, சந்தனக் கிண்ணத்தைத் தூக்கிக்கொண்டு வெளியே வந்தேன். பானெட்டில் மூன்று பொட்டு வைத்தேன். ஃபிரிட்ஜில் இரண்டு எலுமிச்சம்பழம்தான் இருந்தன. மறுநாள் எலுமிச்சை சாதத்துக்கு அம்மா ஒதுக்கி வைத்தவை. சரி, முன்சக்கரங்களுக்கு மட்டும் என்று முடிவு செய்தேன். ஆனால் பழம் வைக்க வேண்டிய இடத்தைத்தான் அந்தக் கற்கள் அடைத்துக்கொண்டிருந்தனவே. மூச்சுப் பிடித்து, உட்கார்ந்து காலால் உந்தி, ஒவ்வொன்றாகப் புரட்டிப் புரட்டித் தொட்டியோரம் தள்ளினேன். கார் அசையவில்லை, கியரில் இருந்ததல்லவா. கல் இருந்த குழியில் பழத்தை வைத்து, மேலே கேந்திப்பூவை உதிர்த்துக் குவித்தேன். மாமாவின் வண்டிக்கு இனி ஒரு வருடத்துக்கு ஒன்றும் ஆகாது என்று நிம்மதியாக இருந்தது. யாரிடமும் சொல்லவில்லை.

மறுநாள் விஜயதசமி. என் தம்பியைப் பள்ளிக்கூடத்தில் சேர்க்க அப்பா கூட்டிப் போயிருந்தார். அம்மா பின்கட்டில் மிக்ஸியை ஓடவிட்டிருந்தாள். முதல் நாள் பூஜையில் வைத்த ஆயுதத்தை எடுத்து வேலை தொடங்குகிற நல்ல நாள் என்பதால், அன்றைக்கு இன்ஜினைக் கிளப்பிவிடுவது என்று மாமா பிடிவாதமாக இருந்தார். புது பேட்டரி இன்னும் வரவில்லை, இரவல் வாங்கி மாட்டிய பழசுக்கு ஸ்டார்ட்டரைச் சுற்றத் தெம்பில்லை. அதனாலென்ன, அந்தக் காலத்து வண்டிக்கு முன்னால் இரும்பு ஹேண்டிலைச் செருகிக் கையால் சுற்றியும் கிளப்பலாம். என் மூன்று பொட்டையும் பார்த்துவிட்டு, "யாரு பார்த்த வேல இது?" என்று என் தலையில் செல்லமாகக் குட்டினார். கீழே குவிந்திருந்த பூவை அவர் குனிந்து பார்க்கவில்லை. நான்கு மாதமாக ஒரே இடத்தில் கிடக்கும் கல்லை யார் தினமும் பார்ப்பார்கள்?

ஜன்னல் வழியாகக் கையை விட்டுக் கியரை நியூட்ரலுக்குத் தள்ளினார். வண்டி லேசாக அசைந்து, சக்கரம் அமிழ்ந்திருந்த குழியிலேயே நின்றது. முன்னால் போய் ஹேண்டிலைச் செருகினார். முதல் சுற்று, இரண்டாம் சுற்று, ஒன்றுமில்லை. சட்டையைக் கழற்றி என்னிடம் எறிந்துவிட்டு மூன்றாம் தடவை முழு பலத்தோடு சுற்றினார். கார் உடம்பை உலுக்கிக்கொண்டு உறுமியது. மாமா என்னைப் பார்த்துச் சிரித்தார். அவர் அவ்வளவு சந்தோஷமாக இருந்து அதற்கு முன்னும் நான் பார்த்ததில்லை, அதற்குப் பின்னும் பார்க்கவில்லை.

உலுக்கிய உலுக்கலில் சக்கரங்கள் குழியைவிட்டு ஏறிப் பழத்தை நசுக்கிக்கொண்டு கிளம்பின. கார் சந்தோஷத்தில் ஓடுகிறது என்றுதான் நான் நினைத்தேன், கையைக்கூடத் தட்டினேன். மாமா விலகப் பார்த்தார். இடதுகால் தப்பிவிட்டது. வலது முழங்காலுக்கு முன்னால் பம்பர், பின்னால் சிமெண்டுத் தொட்டி. இன்ஜின் இரண்டு தடவை இருமிவிட்டு அணைந்தது.

மாமா கத்தவில்லை. தொட்டி விளிம்பைப் பிடித்துக்கொண்டு நின்றார். முகம் வெள்ளைவெளேரென்று ஆகிவிட்டது. அவர் கண் சக்கரத்துக்குப் பின்னால் நசுங்கிக் கிடந்த பழத்துக்குப் போனது. பிறகு தொட்டியோரம் கிடந்த கற்களுக்கு, பிறகு என் பக்கம். கொஞ்ச நேரம் என்னையே பார்த்தார்.

"பாப்பா, அந்தக் கல்ல உருட்டிட்டு வந்து சக்கரத்துக்கு முன்னால வையி," என்றார். குரல் ரொம்பத் தணிவாக இருந்தது.

நான் உருட்டினேன். அவசரத்தில் அது உருளவே மாட்டேன் என்றது. ஒன்றை வைத்தபிறகு, "அந்தக் கல்லையும்," என்றார். இரண்டாவதை வைக்க இன்னும் நேரமாயிற்று. அப்புறம், "பழத்த எடுத்துட்டுப் போயி ரோட்டுல போட்டுட்டு வா ஆத்தா," என்றார். ஓடினேன். ரோட்டில் லாரியும் பஸ்ஸும் நசுக்கிய எலுமிச்சம்பழங்கள் நூற்றுக்கணக்கில் கிடந்தன, என்னுடைய இரண்டையும் அவற்றோடு எறிந்துவிட்டுத் திரும்பி வந்தேன். அதற்குப் பிறகுதான் மாமா "அக்கா" என்று கத்தினார். அம்மா மிக்ஸியை அணைக்காமலே ஓடிவந்தாள்.

முட்டுக்கல் சறுக்கிவிட்டது, தான்தான் சரியாக வைக்கவில்லை என்று மாமா எல்லாரிடமும் சொன்னார். கேட்டவர்களெல்லாம் அவரைத்தான் திட்டினார்கள். அப்பா ஆஸ்பத்திரியில் வைத்தே, "பத்து வருசம் வண்டி ஓட்டுனவன் ஒரு கல்ல ஒழுங்கா வைக்க மாட்டியா மாப்ள," என்று சத்தம் போட்டார். மாமா கூரையைப் பார்த்துக்கொண்டு படுத்திருந்தார். காலை எடுக்காமல் விட்டார்களே தவிர முட்டி மடங்கவே இல்லை. பிரேக் மிதிக்க வேண்டிய கால் அது.

எனக்கும் உறுத்தல் இருந்தது. பக்கத்தில் யாருமில்லாத நேரம் பார்த்து மாமாவிடம் ஒப்புக்கொண்டேன்: நான் வைத்தது பூஜைப் பழமில்லை, எலுமிச்சை சாதத்துக்கு வைத்திருந்தது, அதனால்தான் சாமி காப்பாற்றவில்லை. மாமா என் கையைப் பிடித்துக்கொண்டார். "சாமி அதுக்கெல்லாம் கோவிச்சுக்காது. ஆனா யாருகிட்டயும் சொல்லிராத. இது நமக்குள்ள இருக்கட்டும்," என்றார். என் பாரம் இறங்கிவிட்டது. அன்று ஆஸ்பத்திரி வாசலில் அப்பா வாங்கிக்கொடுத்த பன்னை முழுசாகத் தின்றேன்.

பெண்ணின் அப்பா ஒரு ஞாயிற்றுக்கிழமை வந்தார். கால் போனதற்காக இல்லை, விபத்து யாருக்கும் வரும் என்றார். "நின்னுக்கிருக்க வண்டிக்கு ஒரு கல்ல வைக்கத் தெரியாத ஆளுகிட்ட எப்படிங்க புள்ளயக் குடுக்கிறது?" என்றுதான் கேட்டார். நான் கதவோரம் நின்று எல்லாவற்றையும் கேட்டேன். கல்லை யார் நகர்த்தியது என்பது எனக்குத் தெரியும். ஆனால் அதற்கும் அவர் பேசுகிற பேச்சுக்கும் சம்பந்தம் உண்டு என்பது தெரியாது. அந்தப் பெண்ணை அடுத்த வைகாசியில் வேறு இடத்தில் கொடுத்தார்கள். சந்தன நிறமும் மயில் நீலமும் கடைசிவரை அடிக்கவேயில்லை. சாம்பல் நிறத்தோடு பழைய இரும்புக்காரர் வந்து அறுத்து அள்ளிக்கொண்டு போனார். மாமா அப்புறம் கல்யாணமே செய்துகொள்ளவில்லை. இப்போது பஸ் ஸ்டாப் பக்கத்தில் ஒரு இருசக்கர வாகன நிறுத்தத்தில் டோக்கன் கொடுக்கிறார். காலை நீட்டிக்கொண்டு உட்கார வசதியான வேலை.

நான் படித்து முடித்து மதுரை தல்லாகுளத்தில் வேலைக்குச் சேர்ந்த புதிதில், ஒருநாள் காலை எங்கள் பஸ் பாலத்துச் சரிவில் பழுதாகி நின்றது. எல்லாரும் இறங்கினோம். டிரைவர் ஜன்னல் வழியாகத் தலையை நீட்டி, "அண்ணே, மொதல்ல சக்கரத்துக்கு ஒரு கல்லப் போடுங்க, உருண்டுரும்," என்று கண்டக்டரிடம் சொன்னார். கண்டக்டர் ஓரத்திலிருந்து ஒரு கல்லைப் பொறுக்கிவந்து சக்கரத்துக்கு முன்னால் போட்டார். அதைப் பார்த்துக்கொண்டே நின்றவள் அப்படியே நடைபாதையில் உட்கார்ந்துவிட்டேன். காலையில் சாப்பிடவில்லையா என்று யாரோ தண்ணீர் கொடுத்தார்கள்.

அன்று வேலைக்குப் போகவில்லை. நேரே மாமாவிடம் போனேன். என் முகத்தைப் பார்த்தவுடன் அவருக்குத் தெரிந்துவிட்டது என்றுதான் நினைக்கிறேன். நான் வாயைத் திறப்பதற்குள், "டீ சொல்லவா பாப்பா?" என்றார். இரண்டு பேரும் டீ குடித்தோம். கேட்க நினைத்ததை இன்றுவரை நான் கேட்கவில்லை.

இரண்டு கல்லை உருட்டி வந்து, ரோட்டுக்கும் ஓடிப்போய்த் திரும்புவதற்கு எப்படியும் ஐந்து நிமிடமாவது ஆகியிருக்கும். அத்தனை நேரமும் மாமா கத்தாமல் நின்றிருந்தார். அதனால் மாமாவுக்கு அவ்வளவாக வலிக்கவில்லை என்றுதான் அன்றைக்கு நான் நினைத்துக்கொண்டிருந்தேன்.